பென்சிலில் வரைந்த இயந்திரத்தை எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இதுதான். நண்பர் ஒருவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய நீராவி எஞ்சினைப் பென்சிலில் வரைந்து காட்டினார். இடது பக்கம் ஃபிளைவீல் என்ற பெரிய கனத்த சக்கரம், நடுவில் தண்டுகள், வலது ஓரத்தில் சிலிண்டர். சிலிண்டர் பக்கம் மட்டும் லேசான கோடுகளோடு நின்றுவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது" என்றார்கள். உங்களுக்கு அதைவிட வேறு ஏதோ சொல்லத் தோன்றியது, ஆனால் வார்த்தை வரவில்லை. எஞ்சினியரிங்கும் படிக்கவில்லை, ஓவியமும் கற்கவில்லை, இப்படிப்பட்ட படத்தை எப்படி ரசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடம் இயந்திர வரைபடங்கள் போடும் வேலையில் இருந்தவன். ஓய்வு கிடைக்கும்போது இயந்திரங்களைக் கையால் வரைவேன். இரண்டும் ஒரே வேலை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இல்லை. தொழிற்சாலைக்குப் போகும் வரைபடத்தில் பார்க்கிறவர் என்று யாரும் கிடையாது. முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் எல்லாம் எந்தக் கண்ணுக்கும் அப்படித் தெரியாது. அளவு கெடக்கூடாது என்பதற்காக அப்படிப் போடுகிறோம். ஸ்கெட்ச் அப்படியல்ல. அதில் ஒருவர் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கண் எந்த உயரத்தில் இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எதை முக்கியம் என்று நினைத்தார், எங்கே சலித்துப்போனார், எல்லாம் தாளில் பதிந்திருக்கும். அதனால் "போட்டோ மாதிரி" என்ற பாராட்டு எனக்குக் குறைவாகவே படுகிறது. படத்தின் மிக நல்ல பகுதியை அது தொடவே இல்லை.

இயந்திரத்தை வரைந்த படத்தில் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: விசை எங்கே உள்ளே வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே வெளியே போகிறது. மனித உருவத்தை வரைபவர் எந்தக் காலில் எடை நிற்கிறது என்று பார்த்து வரைவார். அது தவறினால் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆள் விழுந்துவிடுவார் போலத் தெரியும். இயந்திரத்துக்கும் அதேதான். எது எதைத் தள்ளுகிறது, எது எதைத் தாங்குகிறது என்று வரைந்தவருக்குத் தெரிந்திருந்தால் படம் நிற்கும். தெரியாமல் வெறும் வெளிச்சத்தையும் நிழலையும் நகல் எடுத்திருந்தால் பாகங்கள் அருகருகே கிடக்கும், ஒன்றோடு ஒன்று சேராது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ குறைகிறது என்று கண்ணுக்குப் பட்டுவிடும்.

உங்கள் நண்பர் வரைந்ததை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது படுக்கைவாட்டில் சிலிண்டர் உள்ள எஞ்சின். இந்த வகையில் விசை போகும் வழி மிகத் தெளிவாக வெளியே தெரியும், அதனால்தான் ஓவியர்களுக்கு இது பிடிக்கும். சிலிண்டருக்குள் நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த தண்டு சிலிண்டரை விட்டு வெளியே வந்து, இரண்டு வழிகாட்டிச் சட்டங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் கிராஸ்ஹெட் என்ற கட்டையில் முடிகிறது. அங்கிருந்து கனெக்டிங் ராட் என்ற இணைப்புத் தண்டு புறப்பட்டு, கிராங்க் என்ற சுழலும் கையைப் பிடிக்கிறது. கிராங்க் தண்டைச் சுழற்றுகிறது, தண்டில் ஃபிளைவீல் உட்கார்ந்திருக்கிறது. நேர்கோட்டில் போய்வந்த அசைவு கிராங்கில்தான் சுழற்சியாக மாறுகிறது. படத்தை எடுத்து வலது ஓரத்திலிருந்து இடது பக்கம் வரை விரலை வைத்து இந்த வழியில் நகர்த்திப் பாருங்கள். எங்காவது விரல் தடுக்கி நின்றால், அதாவது தண்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போனால், அந்த இடத்தில் வரைந்தவருக்கும் புரியாமல் இருந்திருக்கலாம். தடையில்லாமல் போய்ச் சேர்ந்தால், அவர் இயந்திரத்தைப் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறார்.

இப்போது அந்த முடியாத சிலிண்டர் பக்கத்துக்கு வருகிறேன். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சிலிண்டர் வெளியிலிருந்து பார்க்க ஒரு மூடிய பீப்பாய்தான். நடப்பது எல்லாம் உள்ளே நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அசைவு தண்டு வெளியே வரும் இடத்தில்தான் தொடங்குகிறது. அங்கே லேசாகத் தொடங்கி ஃபிளைவீலில் அழுத்தமாக முடிந்திருந்தால், விசை கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதையே அவர் வரைந்திருக்கிறார். வேண்டுமென்று செய்தாரா, அருங்காட்சியகம் மூடும் நேரம் வந்ததால் எழுந்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் நேரம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் வரைந்தார் என்பதும் ஒரு தேர்வுதானே.

விசையின் வழியைச் சரியாகப் பிடித்த ஒரு கோட்டுப்படம் என்ன செய்யும் என்பதற்குப் பொறியியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி ஜேம்ஸ் நாஸ்மித்துடையது. அவர் எஞ்சினியர், தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் ஸ்காட்லாந்தின் பெயர்பெற்ற ஓவியர். சின்ன வயதிலிருந்தே வரைந்து பழகிய கை. 1839-ல் கிரேட் பிரிட்டன் என்ற பெரிய நீராவிக் கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தின் தண்டை அடித்து உருவாக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய இரும்பை அடிக்கும் சம்மட்டி எந்தப் பட்டறையிலும் இல்லை என்று அவருக்குக் கடிதம் வந்தது. அவர் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அந்த நவம்பர் மாதத்திலேயே நீராவிச் சம்மட்டியை வரைந்துவிட்டார். மேலே தலைகீழாக நிற்கும் சிலிண்டர், அதிலிருந்து தொங்கும் கனத்த இரும்புக் கட்டை, கீழே பட்டடைக்கல். நீராவி கட்டையைத் தூக்கும், விட்டால் விழும். கடைசியில் அந்தக் கப்பலுக்குத் துடுப்புச் சக்கரமே வேண்டாம், திருகு விசிறி போதும் என்று முடிவாகிவிட்டது. படம் புத்தகத்திலேயே கிடந்தது. 1842-ல் பிரான்ஸின் லெ க்ரூசோ இரும்பாலைக்குப் போனவர், அங்கே ஒரு பெரிய கிராங்கைப் பார்த்து இதை எப்படி அடித்தீர்கள் என்று கேட்டாராம். உங்கள் சம்மட்டியால்தான் என்று பதில் வந்தது. அந்த ஆலைக்காரர்கள் முன்பு இவருடைய பட்டறைக்கு வந்தபோது, இவர் இல்லாத நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததை வைத்து ஊருக்குப் போய்ச் செய்துவிட்டார்கள். இதை நாஸ்மித் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கத்தில் அடங்கும் கைவரைப் படத்தைப் பார்த்தே நிஜ இயந்திரத்தைச் செய்ய முடிந்தது என்றால், அதில் விசை எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க வேண்டும்!

சரி, அடுத்தது சக்கரம். இயந்திரம் வரைவதில் பாதிச் சிரமம் வட்டங்களை வரைவதுதான். சக்கரத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் ஒழிய அது வட்டமாகத் தெரியாது, நீள்வட்டமாகத் தெரியும். இங்கே பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. நீள்வட்டத்தின் குறுகிய அளவு எந்தத் திசையில் போகிறதோ, அந்தத் திசையில்தான் சக்கரத்தின் அச்சுத்தண்டும் போக வேண்டும். தண்டு ஒரு பக்கம் போக, நீள்வட்டம் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் சக்கரம் தண்டிலிருந்து கழன்று ஆடுவது போலத் தெரியும். புதிதாக வரைபவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் தவறு இது. நானும் வருடக்கணக்கில் செய்தேன். நீள்வட்டத்தின் இரண்டு முனைகளும் கூராக, எலுமிச்சைப் பழம் போல முடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையான நீள்வட்டத்துக்குக் கூர் கிடையாது, எவ்வளவு ஒடுங்கினாலும் முனையில் வளைந்துதான் திரும்பும்.

ஆரக்கால்களைக் கவனியுங்கள். சக்கரத்தில் அவை சம இடைவெளியில் இருந்தாலும் சாய்வாகப் பார்க்கும்போது அப்படித் தெரியாது. நீள்வட்டத்தின் நீண்ட திசையை ஒட்டி அவை நெருங்கிக்கொள்ளும், குறுகிய திசையில் விரிந்து நிற்கும். பல்சக்கரத்தின் பற்களும் இப்படித்தான். எல்லாப் பல்லையும் ஒரே அகலத்தில் வரைந்துவிட்டால் சக்கரம் அட்டையில் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும். பல்சக்கரங்கள் உள்ள படம் என்றால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மனதுக்குள் ஒன்றைச் சுழற்றுங்கள். அதைக் கடிக்கும் அடுத்தது எதிர்த் திசையில் சுழலும், அதற்கடுத்தது மறுபடி முதல் திசையில். மூன்று சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு முக்கோணமாக நின்றால் எதுவும் சுழலாது, பூட்டிக்கொள்ளும். அலங்காரத்துக்காகப் போடும் படங்களில் இந்தப் பூட்டிய சக்கரங்களை அடிக்கடி பார்க்கலாம். நேரில் பார்த்து வரைந்தவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார், நிஜத்தில் அப்படி ஓர் இயந்திரம் அவர் முன்னால் நின்றிருக்காது.

போல்ட்டைப் பற்றியும் கொஞ்சம். அறுகோணத் தலையை அதன் ஒரு முகம் நமக்கு நேராக இருக்கும்படி பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும். நடுவில் உள்ளது பக்கத்தில் உள்ளவற்றைப் போல இரண்டு மடங்கு அகலம். தலையின் மேல் விளிம்பைச் சீவியிருப்பார்கள், அதனால் ஒவ்வொரு முகத்தின் மேல்கோடும் நேராக இல்லாமல் லேசான வில் போல வளையும். நூறு போல்ட் உள்ள படத்தில் முன்னால் இருக்கும் இரண்டு மூன்றை இப்படிச் சரியாக வரைந்து, தூரப் போகப்போக வெறும் புள்ளியாக விட்டிருந்தால் எனக்கு மிகுந்த சந்தோஷம். கண்ணும் அப்படித்தானே பார்க்கிறது. நூறையும் ஒரே அக்கறையோடு வரைந்திருந்தால் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் களைத்துவிடும்.

இனி உலோகம். பென்சிலில் இருப்பது சாம்பல் நிறம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு வார்ப்பு இரும்பு, கடைசல் பிடித்த எஃகு, பித்தளை, துரு, எண்ணெய் எல்லாவற்றையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். இதுதான் இந்தக் கலையின் மிக நுட்பமான இடம், இங்கே அவசரப்படாமல் பாருங்கள். இயந்திரத்தின் அடித்தளமும் சட்டமும் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. மணல் அச்சில் ஊற்றியதால் மேற்பரப்பு சொரசொரப்பு, வெளிச்சம் அதில் சிதறிவிடும், பளிச்சென்ற ஒளிப்புள்ளி எங்கும் இருக்காது. நல்ல கை இதைப் பென்சிலின் பக்கவாட்டால் தேய்த்து, தாளின் சொரசொரப்பையே இரும்பின் சொரசொரப்பாக மாற்றிவிடும். வார்ப்பின் உள்மூலைகள் கூர்மையாக இருக்காது என்பதையும் பாருங்கள். உருகிய இரும்பு குளிரும்போதும், அப்புறம் பளு தாங்கும்போதும் கூரான உள்மூலையில் விரிசல் விழும், அதனால் அங்கே வளைவு கொடுத்துத்தான் வார்ப்பார்கள். அந்த வளைவில் நிழல் சட்டென்று வெட்டாமல் மெதுவாக இறங்கும். இதைக் கவனித்து வரைந்தவர் வார்ப்புப் பட்டறைக்கே போகாதவராக இருக்கலாம், ஆனாலும் வார்ப்பின் இயல்பைக் கண்ணால் கண்டுபிடித்துவிட்டார்.

கடைசல் பிடித்த தண்டு இதற்கு நேர் எதிர். அதில் வெளிச்சம் நீளவாட்டில் கோடாக ஓடும், அதை ஒட்டியே மிக அழுத்தமான கறுப்பு வரும், மறு ஓரத்தில் மீண்டும் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும். அது சுற்றிலும் உள்ள பொருள்களிலிருந்து திரும்பி வரும் ஒளி. பழகாதவர்கள் தண்டின் ஓரத்தை முழுக் கறுப்பாக்கிவிடுவார்கள், அப்போது அது உலோகம் போல இல்லாமல் மரக்கட்டை போலத் தெரியும். பளபளப்பு என்பது வெள்ளையால் வருவதல்ல, வெள்ளையும் கறுப்பும் இடையில் எதுவுமில்லாமல் உரசி நிற்பதால் வருவது. லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் கடைந்த தட்டையான வட்ட முகம் கிடைத்தால் இன்னும் அழகு. கத்தி விட்டுப்போன நுண்ணிய வளையங்களில் பட்டு, வெளிச்சம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி போல விரியும். பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் நீங்களே இதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரட்டை விசிறியை அழிப்பானால் இரண்டே இழுப்பில் எடுத்திருந்தால், அது பார்த்துப் பழகிய கை.

துருவுக்கு ஒளியே இல்லை, சாம்பலில் அது ஆழமில்லாத மங்கல். எண்ணெய் இதற்கு மாறு. தண்டைத் தாங்கும் பேரிங்குக்குக் கீழே கசிந்து இறங்கிய கறை சுற்றிலும் உள்ளதைவிடக் கறுப்பாக இருக்கும், நடுவில் சின்னதாக ஒரு மினுக்கம் இருக்கும். அந்தக் கறையை வரைந்தவர் எனக்கு உடனே நண்பர் ஆகிவிடுவார். இயந்திரம் வேலை செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கைப்பிடியில் பெயின்ட் உதிர்ந்து இரும்பு மினுங்கும் இடமும் அப்படித்தான். எத்தனையோ பேருடைய உள்ளங்கை அங்கே தேய்ந்திருக்கிறது.

பென்சிலையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், எனக்கு இது எப்போதும் மனதைத் தொடும் விஷயம். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட். கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும், ஒரு தாள் இன்னொன்றின் மேல் வழுக்கும். அந்த வழுக்கலால்தான் காகிதத்தில் கோடு விழுகிறது. அதே வழுக்கலுக்காகத்தான் இயந்திரங்களில் கிராஃபைட்டை மசகாகவும் போடுகிறார்கள். உலோகம் உருக்கும் மூசைகளும் கிராஃபைட்டில் செய்யப்படுகின்றன. இங்கிலாந்தின் பாரோடேலில் 16-ஆம் நூற்றாண்டில் கிடைத்த சுத்தமான கிராஃபைட்டைப் பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறத்தில் பூசினார்கள். பிரான்ஸுக்கு அந்தச் சரக்கு போர்க்காலத்தில் கிடைக்காமல் போனபோது நிக்கோலா ஷாக் கோன்தே கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பென்சில் முனை செய்தார், 1795-ல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கடினம், குறைந்தால் மென்மை. இன்று எச், எச்பி, 2பி, 6பி என்று நாம் வாங்குவதெல்லாம் அந்தக் கலவைக் கணக்கிலிருந்து வந்தவை. ஆக, இயந்திரத்துக்குள் வேலை செய்யும் பொருளைக் கொண்டே இயந்திரத்தை வரைகிறோம்.

கிராஃபைட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. அழுத்தி அழுத்தித் தேய்த்தால் ஒரு கட்டத்துக்கு மேல் கறுக்காது, மினுங்கத் தொடங்கிவிடும். அதனால் படத்தின் மிக ஆழமான நிழல்கள், எஞ்சினின் அடிவயிறு போன்ற இடங்கள், சாய்த்துப் பார்த்தால் ஈயம் பூசியது போலப் பளபளக்கும். இது தவறு அல்ல, பொருளின் குணம். சிலர் அந்த இடத்துக்குக் கரிப்பென்சில் எடுப்பார்கள். சிலர் சுற்றிலும் உள்ளதை வெளிறச் செய்து, நடுத்தரக் கறுப்பையே ஆழமாகத் தெரிய வைப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இயந்திரத்தைப் பென்சிலில் வரைந்தவர்களில் ஒருவரை மட்டும் பார்க்க நேரம் இருந்தால், ஜெர்மனியின் அடோல்ஃப் மென்ட்ஸலைத் தேடிப் பாருங்கள். மேல்கோட்டின் பைகளில் எப்போதும் ஸ்கெட்ச் புத்தகம் வைத்திருந்தவர். தச்சர்கள் குறி போடும் தடித்த பென்சிலை விரும்பிப் பயன்படுத்தினார். 1872-ல் மேல் சைலீசியாவில் இருந்த கோனிக்ஸ்ஹூட்டே இரும்பாலைக்குப் போனார். அந்த ஊர் இன்று போலந்தில் ஹோஷூவ் என்ற பெயரில் இருக்கிறது. ரயில் தண்டவாளங்களை உருட்டி நீட்டும் அந்த ஆலைக்குள் நின்று உருளைகள், இடுக்கிகள், சக்கரங்கள், குனிந்து இழுக்கும் தொழிலாளிகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பென்சில் படங்கள் வரைந்தார். அவற்றிலிருந்துதான் 1875-ல் முடித்த இரும்பு உருட்டாலை என்ற பெரிய எண்ணெய் ஓவியம் பிறந்தது. இரண்டரை மீட்டர் அகலம், பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்குள் செலுத்தும் கூட்டம் நடுவே, ஒரு பக்கம் உடம்பு கழுவுபவர்கள், இன்னொரு மூலையில் சாப்பிடுபவர்கள், பின்னால் இருட்டுக்குள் பெரிய சக்கரம். ஓவியம் பிரமாண்டம்தான். ஆனால் எனக்கு நெருக்கமானவை அந்தப் பென்சில் படங்கள். அவற்றில் அவர் எதையும் அழகுபடுத்தவில்லை. ஒரு தொழிலாளி இடுக்கியைப் பிடிக்கும்போது தோள் எப்படித் திரும்புகிறது என்பதையும், அந்த இடுக்கி இரும்பை எந்த இடத்தில் கவ்வுகிறது என்பதையும் ஒரே அக்கறையோடு பார்க்கிறார். உடம்பின் விசையும் இயந்திரத்தின் விசையும் அவருக்கு ஒரே கோட்டில் ஓடுகின்றன.

இதற்கு நேர்மாறான ஒருவரும் உண்டு. அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் ஷீலர் 1927-ல் ஃபோர்டு நிறுவனத்தின் ரிவர் ரூஷ் ஆலையைப் புகைப்படம் எடுக்கப் போனார். அந்த அனுபவத்திலிருந்து பின்னால் பல ஓவியங்களும், கோன்தே கிரேயான் என்ற வரைகுச்சியால் படங்களும் செய்தார். அவற்றில் மனிதர்கள் அநேகமாக இல்லை, கறை இல்லை, கையின் தடமே தெரியாது. குழாய்கள் கோயில் தூண்கள் போல அமைதியாக நிற்கும். அந்த அமைதியை மதிக்கிறேன், நீண்ட நேரம் பார்க்கவும் முடிகிறது. ஆனால் அங்கே இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம். இரண்டு பேரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓடும் எஞ்சினைப் பார்த்து வரைவது எப்படி? கனெக்டிங் ராட் ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முனையிலும் திசை மாறும் கணத்தில் வேகம் இழந்து நின்று திரும்புகிறது, கண் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் ஓடும் எஞ்சினை வரைந்த படங்களில் கிராங்க் பெரும்பாலும் அந்த முனையை ஒட்டியே இருக்கும். சுழலும் சக்கரத்தில் ஆரக்கால்கள் மறைந்து, விளிம்பும் நடுக்குடமும் மட்டும் திடமாகத் தெரியும். பெல்ட் இருந்தால் இன்னும் ஒரு தடயம் உண்டு. ஓட்டும் சக்கரத்தை நோக்கி வரும் பக்கம் விறைப்பாகவும், அதை விட்டுப் போகும் பக்கம் தொய்ந்தும் இருக்கும். தொய்வைச் சரியாக வரைந்திருந்தால், நின்றுபோன படத்திலும் சக்கரம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்லிவிடலாம். உங்கள் நண்பர் வரைந்தது அருங்காட்சியகத்தில் ஓடாமல் நிற்கும் எஞ்சின், அதனால் அவருக்கு ஆரக்கால்களை எண்ணி வரைய நேரம் கிடைத்திருக்கும். எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ள பாகங்கள் மறைத்தவற்றையும் சேர்த்து அவர் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்ப்பதே ஒரு சுகம்.

பருமனைச் சொல்லும் பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். இயந்திரத்துக்குத் தன்னளவில் பருமன் தெரியாது. மேசையில் வைக்கும் மாதிரியும் மாடி உயர எஞ்சினும் ஒரே படமாகத் தெரியலாம். பக்கத்தில் இடுப்பளவு கைப்பிடிக் கம்பி, நாலு படி, கழற்றி வைத்த ஸ்பேனர், ஏதாவது ஒன்று இருந்தால் உடனே உடம்புக்குப் புரிந்துவிடும். கண்மட்டம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஃபிளைவீலின் நடுக்குடத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பது போல வரைந்திருந்தால் அவர் தரையிலோ சிறிய முக்காலியிலோ உட்கார்ந்திருந்தார். அந்த எஞ்சின் அவருக்கு முன்னால் மலை போல நின்றிருக்கிறது, அதை நமக்கும் காட்ட நினைத்திருக்கிறார்.

போட்டோவைப் பார்த்து வரைந்தார்களா, நேரில் உட்கார்ந்து வரைந்தார்களா என்பதைச் சிலர் பெரிய குற்ற விசாரணை போல ஆக்குவார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஆனால் வித்தியாசம் தெரிந்தால் ரசனை கூடும். போட்டோவிலிருந்து வந்த படத்தில் நிழல்கள் ஒரே கறுப்பாக அடைத்துவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் துழாவிய தடயம் இருக்காது. நேரில் வரைந்ததில் வெளிச்சம் நகர்ந்திருக்கும், இடது பக்க நிழலும் வலது பக்க நிழலும் கொஞ்சம் முரண்படும், முதலில் போட்டுத் தவறிய கோடுகள் சரியான கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அந்தத் தவறிய கோடுகளை அழிக்காமல் விடுபவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். தேடியது தெரிகிறது. ஜெர்மானியப் புகைப்படக் கலைஞர் பெர்ன்ட் பெஹர் தொடக்கத்தில் பழைய சுரங்கக் கட்டடங்களை வரையத்தான் செய்தார். வரைந்து முடிப்பதற்குள் அவற்றை இடித்துவிடுகிறார்கள் என்பதால்தான் கேமராவை எடுத்தார். அப்புறம் மனைவி ஹில்லாவோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் நீர்த்தொட்டிகளையும் ஊதுலைகளையும் படம் பிடித்தார்கள். பென்சில் அவ்வளவு மெதுவான கருவி. மணிக்கணக்கில் ஓர் எஞ்சின் முன்னால் உட்கார ஒருவர் சம்மதித்தார் என்பதையும் படத்தோடு சேர்த்தே பாருங்கள்.

குறைகள் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். நீள்வட்டம் கொஞ்சம் கோணினால் பரவாயில்லை. குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் முடிந்தாலும் மன்னிக்கலாம், நிஜ எஞ்சினிலும் பல குழாய்கள் சுவருக்குள் போய் மறைகின்றன. விரலால் தேய்த்துத் தேய்த்து எல்லாப் பரப்பையும் ஒரே வழவழப்பாக்கியிருந்தால் மட்டும் எனக்கு வருத்தம். இரும்பு, பித்தளை, சுவர் எல்லாம் ஒரே சோப்புக் கட்டி போல ஆகிவிடும். பிரியமாக நண்பரிடம் சொல்லக்கூடிய ஒரே குறை அதுதான்.

பாராட்டச் சொற்கள் வேண்டும் என்று கேட்டீர்கள். "அருமை" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பதில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். "இந்தத் தண்டு சிலிண்டரிலிருந்து வெளியே வரும் இடத்தில் கோடு மெல்ல அழுத்தமாகத் தொடங்குகிறதே, அங்கேயே என் கண் நின்றுவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். "அடித்தளத்தின் சொரசொரப்பையும் தண்டின் பளபளப்பையும் ஒரே பென்சிலில் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எல்லாரும் கேட்பார்கள், அதை விட்டுவிடுங்கள். எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள், ஏன் அந்த இடம் என்று கேளுங்கள். முதலில் வேறு இடத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பார், கிராங்க் மறைந்திருக்கும், எழுந்து நகர்ந்திருப்பார். அதையெல்லாம் சொல்லத் தொடங்குவார். அப்போது படத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வலது ஓரத்துச் சிலிண்டரைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.